இடமிருந்து இரண்டாமவர்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்து, பத்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பெண்கள் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற சண்டையை முடித்துக்கொண்டதும், பொன்மலர் டீச்சர் தமது கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுப்பார். உறைக்குள் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று இருக்கும். வளைவு வைத்த ஒரு பெரிய வாயிற்கதவை ஒட்டி வரிசையாக நிற்கும் ஆண்கள் ஒன்பது பேர். எல்லாருக்கும் கைலி, சட்டை. சிலருக்குத் தோளில் துண்டு. படத்தின் நகலைப் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு அவர் சொல்வார்:

"இடது பக்கத்துல இருந்து ரெண்டாவதா நிக்கிறவர் எங்க அப்பா. உயரம் அஞ்சடி எட்டங்குலம். அவர வெச்சு அந்த கேட்டு எவ்ளோ உயரம்னு சொல்லுங்க, பாப்போம்."

விகிதமும் வடிவொத்த முக்கோணங்களும் அந்தப் பள்ளியில் அப்படித்தான் தொடங்கின. ஆம்பூரில் அரசு உதவி பெறும் அந்தப் பெண்கள் பள்ளிக்குப் பொன்மலர் கணித ஆசிரியையாக வந்தவர். அறிவியல் ஆசிரியை ஓய்வு பெற்று அந்த இடம் நிரப்பப்படாமலே போனதால் இயற்பியலும் அவர் தலையில் விழுந்தது. அவர் அதற்கு வருந்தியதில்லை. பாடநூலில் கோட்டுப்படமாக நிற்கும் கலங்கரை விளக்கத்தை அவருடைய மாணவியரில் ஒருத்தியும் கண்டதில்லை. அவர்கள் கண்டதெல்லாம் நெடுஞ்சாலை, தோல் தொழிற்சாலைப் புகைபோக்கி, தண்ணீர் இல்லாத பாலாறு, பிரியாணிக் கடை ஆகியவை. ஆகவே அவற்றைப் படம் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

ரயிலடிக்கு எதிரே அஹமது பாஷா என்பவரின் கடையில் மூடிமேல் தணல் பரப்பிய பிரியாணித் தேக்சாவின் படம் ஒன்று உண்டு. "நெருப்பு மேல இருக்கு, கீழ இருக்கிற அரிசிக்குச் சூடு எந்த வழியா போச்சு?" என்று கேட்டால், வெப்பம் கடத்தப்படும் மூன்று வழிகளும் பசியோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடும். நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு வயலில் பம்புசெட் குழாயிலிருந்து வளைந்து விழும் தண்ணீர், பரவளையத்துக்கு. ஆனால் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ரயில் படத்தைத்தான். நிற்காமல் போகும் விரைவு வண்டி வெறும் கோடுகளாய் இழுபட்டிருக்க, நடைமேடையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணி மட்டும் கல்லில் செதுக்கியதுபோலத் தெளிவாக இருப்பார்.

"நின்னவங்க தெளிவு, ஓடினது கலங்கல்," என்பார் பொன்மலர். "ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருந்துச்சுன்னு தெரிஞ்சா, கலங்கலோட நீளத்த அளந்து வேகத்தையே சொல்லிடலாம்."

"அப்ப எங்க கிளாஸ் போட்டோவுல இவ மட்டும் கலங்கி இருக்கிறது அதனாலதானா மிஸ்? ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா."

"வேகமா இருக்கேன்னு சொல்லுடி, சும்மா இல்லன்னு சொல்லாத!"

இத்தனை படங்கள் சேர்ந்த பிறகும் ஜூன் மாதத்தின் முதற்படமாக அந்த ஒன்பது பேர் நின்ற படமே இருந்துவந்தது. அதற்குக் காரணம் கணிதம் மட்டுமன்று.

பொன்மலரின் தாய் பிரசவத்தில் இறந்தார். தந்தை எபனேசர் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் மேஸ்திரி. மகளுக்கு நடை பழகுமுன் அவரும் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தையை வளர்த்தவர் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருந்த அத்தை ஃபீபி. அந்தக் குடும்பத்தில் திருமணத்துக்குப் படம் எடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. தம்பியின் பொருள்களை வாங்கிவர ஆலைக்குப் போன அன்று, அலுவலக அறையின் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்ததை அத்தை பார்த்தார். எபனேசர் இருந்த ஒரே படம் அது. அதைக் கேட்டு வாங்கும் துணிவு அவருக்கு அன்று வரவில்லை.

"இடது கைப் பக்கத்துல இருந்து ரெண்டாவதா நிக்கிறான்," என்று மட்டும் மருமகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கூடவே, "அஞ்சடி எட்டங்குலம். வேலைக்குச் சேர சர்ட்டிபிகேட் வேணும்னு வந்தப்ப நானே நிக்க வெச்சு அளந்தேன்," என்பதையும்.

அத்தை இறந்து, பொன்மலருக்கு வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் படத்தைத் தேட வாய்த்தது. ஆலை மூடப்பட்டிருந்தது; சுவரில் இருந்த படம் என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கடைத்தெருவில் பழைய ஸ்டுடியோ ஒன்றில் நெகட்டிவ் கிடந்தது. அதிலிருந்து ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார்கள். பிரதி கிடைத்தது எந்த ஆண்டு என்பதில் குடும்பத்தில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. பொன்மலருக்குத் திருமணம் ஆகுமுன் என்பது மட்டும் உறுதி.

படம் கைக்கு வந்த அன்று பொன்மலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. இடப்பக்கத்திலிருந்து இரண்டாமவரைக் கண்டுபிடித்தார். மெல்லிய முகம், தெளிவான கண்கள், சட்டையின் முன்புறம் முழுவதையும் மறைத்த துண்டு. பிறகு அவருடைய கைலியைப் பார்த்தார். அந்த ஊரில் அந்தத் தலைமுறை ஆண்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது: முஸ்லிம்கள் கைலியின் முனையை இடப்பக்கம் கொண்டுவந்து செருகுவார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். தொப்பியோ சிலுவையோ இல்லாத இடத்திலும் இடுப்பைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். படத்தில் இருந்தவரின் கைலி முனை வலப்பக்கம் செருகியிருந்தது. அத்தையின் சொல்லும் கைலியும் ஒத்துப்போயின. அதற்குமேல் ஐயப்பட என்ன இருக்கிறது? அன்றிரவு ஜெபத்தில் முதன்முறையாக "அப்பா" என்ற சொல்லுக்கு ஒரு முகம் இருந்தது.

ஒத்துப்போகாதது ஒன்றே ஒன்றுதான். அந்த வாயில் இன்னும் நிற்கிறது. ஆலை இருந்த இடத்தில் இன்று திருமண மண்டபம். வாயிலை மட்டும் இடிக்காமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். வளைவில் அன்றும் எழுத்து ஏதும் இல்லை, இன்றும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை நடந்தேயிருக்காது. படத்தை வைத்துக் கணக்குப் போட்ட பிறகு ஒரு சனிக்கிழமை மாணவியரை அங்கே அழைத்துப் போய் டேப்பால் அளக்கவைப்பார். வாயில் சரியாகப் பத்தடி. கணக்கிலோ எப்போதும் அதைவிட அரையடிக்கு மேல் கூடுதலாக வரும்.

"அளவுன்னு ஒண்ணு இருந்தா பிழைன்னு ஒண்ணு இருக்கும்," என்று அதையும் பாடமாக்கினார் பொன்மலர். "பேப்பர் ஒரு பக்கமா சுருங்கியிருக்கலாம், ஸ்கேல் நகர்ந்திருக்கலாம். இல்லன்னா எங்க அப்பா கொஞ்சம் கூனி நின்னிருக்கலாம். நாளெல்லாம் ஈரத்தோல் தூக்கினவர்தானே."

பெண்கள் நோட்டில் 'பிழை' என்று எழுதி அடிக்கோடு இடுவார்கள். பொன்மலருக்கோ அந்த அரையடி வெறும் பிழையாக இருக்கவில்லை. களைத்துத் தோள் தாழ்ந்து, மகளைப் பற்றிய கவலையோடு கேமராவைப் பார்க்கும் ஒரு தகப்பனை அவர் அந்த இடைவெளிக்குள்தான் கட்டி எழுப்பியிருந்தார். அவரிடம் பேசவும் செய்தார். மகன் பொறியியலில் தோற்றபோதும், கணவர் ஞானசீலனுக்கு இதயத்தில் அடைப்பு என்று சொன்னபோதும், பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அந்த முகத்தின் முன்தான் நின்றார்.

இது பொன்மலரின் பணியில் கடைசிக் கல்வியாண்டு. மே மாதம் ஓய்வு. அதற்குள் தந்தைக்கு ஒன்று செய்துவிட வேண்டும் என்று விரும்பினார். ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் எபனேசரின் கல்லறை சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது. அதற்குக் கருங்கல் பதித்து, நடுவே முகம் அச்சிட்ட பீங்கான் டைல் ஒன்றையும் வைத்து, நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிடத் திட்டம்.

டைல் போட்டுக் கொடுப்பவர் ஆமிர்; கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ், புகைப்படம், காபிக் கோப்பையில் படம் எல்லாம் செய்து தரும் கடை அவருடையது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார்.

"மூஞ்சி சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர். அந்தக் காலத்து போட்டோவுல இவ்ளோ க்ளியரா வராது. லக்குதான் உங்களுக்கு. இந்தப் பக்கம் பாருங்க, இந்த ஆளு தலைய ஆட்டிட்டாரு. மூஞ்சியே இல்ல."

அவர் காட்டியது வலக்கோடியிலிருந்து இரண்டாவதாக நின்றவரை. உடல் நேராக இருந்தது. முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டுக் கலங்கியிருந்தது.

"பாவம், யார் பெத்த பிள்ளையோ," என்றார் பொன்மலர்.

"உங்க அப்பாவுக்கு இன்னா டிரஸ் போடலாம்?"

"சட்டைதான் போட்டிருக்கிறாரே?"

"துண்டு தெரியுது டீச்சர், டைலுக்கு நல்லாருக்காது. கோட்டும் டையும் போட்டுர்றேன். எல்லாருக்கும் அதான் போடறது."

பொன்மலர் தயங்கினார், பிறகு, வாழ்நாளில் ஒருமுறையேனும் தந்தை கோட்டு போட்டுக்கொள்ளட்டுமே என்று சம்மதித்தார்.

அக்டோபர் நடுவில் ஒளியியல் பாடம் வந்தது. சமதள ஆடியில் இடவல மாற்றத்தைச் சொல்ல அவர் தமது கைபேசியையே எடுத்தார். முன்பக்கக் கேமராவில் பாடநூலின் அட்டையைக் காட்டியதும் திரையில் எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. நாலு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு நிற்க, ஒரு படமும் எடுத்தார்.

"மிஸ், என் மச்சம் இந்தக் கன்னத்துல இல்ல, அந்தக் கன்னத்துல!"

"உனக்கு ரெண்டு பக்கமும் வெச்சாலும் ஒண்ணுதான்டி."

சிரிப்பு அடங்கும்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஹேமலதா எழுந்தாள். கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஜூன் மாதத்து நகலை அவள் இன்னும் வைத்திருந்தாள். "மிஸ், அப்ப உங்க அப்பா போட்டோவும் செல்ஃபியா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

"இன்னாடி உளர்ற?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"உளறல. பாக்கெட்டப் பாருங்க மிஸ். இந்த ஓரமா நிக்கிறவருக்கு வலது பக்கம் இருக்கு. நடுவுல நிக்கிறவருக்கும் வலது பக்கம். எங்கம்மா சட்டை தெக்கிறாங்க. வலது பக்கம் பாக்கெட்டு வெச்சா கஸ்டமர் மூஞ்சிலயே வீசிட்டுப் போவாங்க."

"அந்தக் காலத்து ஃபேஷனா இருக்கும்."

"ரெண்டு பேருக்குமா?"

"நல்ல கேள்வி," என்றார் பொன்மலர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த மாணவி என்ன கேட்டாலும் அவர் முதலில் சொல்லும் சொல் அது. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து குவிலென்ஸை வரவழைத்து, மூலப் படத்தைச் சன்னலோரம் கொண்டுபோனார். துண்டு மறைக்காத சட்டைகளின் பொத்தான் வரிசையைப் பார்த்தார். ஆண்களின் சட்டையில் இடப்புறத் துணி மேலே படிய வேண்டும். இங்கே எல்லாருக்கும் வலப்புறத் துணி மேலே இருந்தது. ஸ்டுடியோவில் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரதி போட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்தப் படத்தில் அவர் பார்த்துவந்தது ஒரு முகத்தையும் ஒரு வாயிலையும் மட்டுமே.

"ஹேமலதா சொன்னது சரி," என்றார். "இது ஆடியில் தெரியும் பிம்பம்." மணி அடித்தது. அவருக்கு அது உதவியாக இருந்தது.

வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கைபேசியில் படத்தைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தொடுகையில் ஒன்பது பேரும் இடம் மாறினர். அவர் அறிந்த முகம் வலக்கோடியிலிருந்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இடமிருந்து இரண்டாவதாக வந்து நின்றவர், ஆமிர் கடையில் அவர் பாவப்பட்ட ஆள். முகம் கலங்கியவர். கைலிகளும் மாறிவிட்டன. அவர் தந்தை என்று எண்ணியிருந்தவரின் கைலி முனை இப்போது இடப்பக்கம் செருகியிருந்தது, கலங்கியவருடையது வலப்பக்கம். ஒரு தவறு மற்றொரு தவறுக்குத் தோள்கொடுத்து, இரண்டும் சேர்ந்து உண்மைபோல நின்றிருக்கின்றன.

ஞானசீலன் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்வார். இதையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"உங்க அத்தை சுவத்துல பாத்த படமும் இதே மாதிரி புரண்டதா இருந்தா? அப்ப பழைய ஆளுதானே சரி?"

"கைலி இருக்குதேங்க. பழைய ஆளு இடப்பக்கம் கட்டியிருக்கிறாரே."

"அவசரத்துல கட்டியிருப்பார். நான்கூட ஒரு நாள் சட்டைய உள்பக்கம் வெளியா போட்டுட்டு டியூட்டிக்குப் போகலயா?"

"அது தினமும் நடக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "மலர், டைலு சுட்டாச்சு. கல்லும் வந்தாச்சு. இத்தினி வருஷம் கும்பிட்ட முகம். அப்படியே விட்டுடேன். யாரு வந்து கேக்கப்போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதாங்க பயமா இருக்கு."

இன்னொரு வழி இருந்தது. அது இருவருக்கும் தெரியும். மேசை இழுப்பறையில் ஸ்கேல் இருந்தது. படம் எதிரே இருந்தது. பொன்மலர் அதைத் தொடவில்லை. தனியாக அளந்தால் கை தன் விருப்பப்பக்கம் ஒரு நூல் நகரும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிழையைப் பற்றி அத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியவர் அவர்.

மறுநாள் வகுப்பில் நகல்களை மீண்டும் கொடுத்தார். "ஜூன் மாசம் போட்ட கணக்கு. ஆனா இன்னைக்கு வேற ஆள். வலது கோடியில இருந்து ரெண்டாவது. இவர் உயரம் அஞ்சடி எட்டுன்னு வெச்சுக்குங்க. பெஞ்சுக்கு ஒரு விடை வேணும். ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பாக்கக் கூடாது."

ஸ்கேல்கள் உரசும் ஒலி. கரும்பலகைக்கு அருகே நின்றுகொண்டு அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். விடை அரையடி கூடியோ குறைந்தோ வந்தால் பழைய முகம் தங்கிவிடும். வரட்டும் என்று அவர் வேண்டினாரா என்றால், வேண்டினார்.

"பத்தடி மிஸ்," என்றது முதல் பெஞ்சு.

"எங்களுக்கும் பத்தடி."

"எங்களுக்குப் பத்தடி ஒரு அங்குலம்."

"ஸ்கேல நேரா வைடி, கோணலா வெச்சா அப்படித்தான் வரும்."

கடைசிப் பெஞ்சும் பத்தடி என்றது. ஹேமலதா உற்சாகத்தில் எழுந்தேவிட்டாள். "மிஸ், இந்த வாட்டி பிழையே இல்ல! சனிக்கிழம அளந்தோமே, கரெக்டா அதே. அப்ப இவருதான்..." என்று தொடங்கியவள், டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பாதியில் உட்கார்ந்தாள்.

வகுப்புக்கு மெல்லப் புரிந்தது.

பொன்மலர் பலகையில் 'பத்தடி' என்று எழுதினார். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஆமாம்மா. இவர்தான் எங்க அப்பா."

சொல்லிவிட்ட பிறகு, அந்தச் சொல்லை ஒரு கலங்கலைப் பார்த்து முதன்முறையாகச் சொல்லியிருப்பதை உணர்ந்தார். முன்வரிசைப் பெண்கள் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சிரிக்கிறாரு மிஸ். வாய் தெரியல. ஆனா கன்னம் மேல ஏறியிருக்கு பாருங்க."

கூனி நிற்கவில்லை. களைப்பும் இல்லை. நிமிர்ந்து நின்ற ஐந்தடி எட்டு அங்குல மனிதர், யாரையோ பார்க்கத் தலையைத் திருப்பிச் சிரித்திருக்கிறார்.

சனிக்கிழமை பொன்மலர் ஆமிரின் கடைக்குப் போய் டைலை வாங்கிக்கொண்டார். நடந்ததைக் கேட்ட ஆமிர் தலையில் கைவைத்துக்கொண்டார். உடனே நிமிர்ந்து, "கவலப்படாதீங்க டீச்சர், இந்தக் கலங்கல் மூஞ்சிய ஏஐ-யில போட்டா சூப்பரா வந்துரும். கண்ணு மூக்கு எல்லாம் அதுவே போட்டுக் குடுத்துரும்," என்றார்.

"யார் மூக்கப் போடும்?"

"இன்னா டீச்சர்?"

"அதுக்கு எங்க அப்பாவத் தெரியுமா? தெரியாத மூக்க அது எங்கிருந்து எடுக்கும்?" பொன்மலர் கோபப்படவில்லை. "வேற ஒருத்தர் முகத்தோட இத்தன வருஷம் இருந்துட்டேன் ஆமிர். மறுபடியும் வேணாம். இருக்கிறத இருக்கிறபடி போடுங்க. கோட்டும் வேணாம்."

அப்புறம் அந்த ஆலையில் வேலை செய்தவர்களின் வீட்டார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆமிர் யோசித்தார். "பிரியாணிக் கடை பாஷா பாய் இருக்கிறாரே. அவங்க அத்தா அங்கதான் இருந்தாரு."

பாஷா பாயின் தேக்சாவை ஆண்டுதோறும் வகுப்பில் காட்டியவருக்கு, அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை. மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்துப் போனார். அஹமது பாஷாவுக்கு வயது எழுபதைக் கடந்திருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. மறுபடியும் தேக்சா போட்டோவா?"

பொன்மலர் செய்தித்தாளைப் பிரித்து டைலை மேசைமேல் வைத்தார். பாஷா கண்ணாடியை இறக்கினார். வெகுநேரம் பார்த்தார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு டைலின் விளிம்பைத் தொட்டார்.

"எங்க அத்தா," என்றார். "அப்துல் ஹமீத். இதே கண்ணு." பிறகு புருவம் சுருங்கியது. "ஆனா கோட்டு எப்படி வந்துச்சி? டை வேற! இதோட வூட்டுக்கு வந்திருந்தா எங்கம்மா உள்ள வுட்டிருக்க மாட்டாங்களே."

பொன்மலர் படத்தைப் புரட்டிக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பாஷாவின் வீட்டில் தகப்பனாரின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அத்தா மவுத்தாகிவிட்டார். முகம் நினைவில் தேய்ந்துகொண்டே வந்தது என்றார்.

"இத்தினி வருஷமா எங்க அத்தாவ வெச்சு நீங்க இன்னா பண்ணீங்க?"

"வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குக் காட்டுவேன். நினைவு நாளைக்குப் பூ வைப்பேன். மனசு சரியில்லன்னா முன்னால நின்னு பேசுவேன்."

"பதில் சொல்வாரா?"

"நிதானமா யோசன சொல்ற மாதிரி இருக்கும்."

"அப்ப அது எங்க அத்தா இல்ல," என்றார் பாஷா. கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக. "அவரு யோசனையே சொன்னதில்ல. எந்நேரமும் தமாஷுதான். மய்யத்து எடுக்குற வூட்டுக்குப் போனாகூட நாலு பேர சிரிக்க வெச்சுட்டுத்தான் வருவாருன்னு அம்மா திட்டுவாங்க. அவரு மூஞ்சி மட்டும் ஆடாம, பெரிய மனுஷன் மாதிரி வெச்சுக்குவாரு. பக்கத்துல இருக்கிறவன்தான் மாட்டிக்குவான்."

பொன்மலர் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். ஒரு கோடியை ஒட்டி, அசையாத முகத்தோடு அப்துல் ஹமீத். மறுகோடியை ஒட்டி, அவர் இருந்த பக்கமாகத் தலை திரும்பிக் கலங்கிச் சிரிக்கும் எபனேசர். அந்தச் சிரிப்பை எழுப்பியவர் இவர்தான் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில் அதையே நினைத்தார்கள் என்பது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது தெரிந்தது.

"சுவத்துல படம் மாட்ற பழக்கம் எங்க வூட்ல இல்ல," என்றார் பாஷா. "பீரோவுல வெச்சுக்கறேன். என் பேரன் பேத்திங்களுக்கு எடுத்துக் காட்டணும். கோட்டப் பாத்து சிரிக்குங்க. சிரிக்கட்டும், அவருக்கும் அதான் புடிக்கும்." பொட்டலம் கட்டிக் கொடுத்த பிரியாணியை வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

அன்று மாலை பொன்மலர் பீரோக் கதவைத் திறந்து, உட்புறம் ஒட்டியிருந்த முகத்தை நகத்தால் மெல்ல நீக்கி எடுத்தார். கிழிக்க மனம் வரவில்லை. உறையில் இட்டு, "அப்துல் ஹமீத் பாய், ஆம்பூர்" என்று வெளியே எழுதி, பாடப்படங்களோடு வைத்தார்.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் முழுவதும் சாமந்தியும் மெழுகுவத்தியுமாக இருந்தது. புதிய கருங்கல்லின் நடுவே டைல் பதிந்திருந்தது. ஞானசீலன் சுற்றிலும் பூவைப் பரப்பிவிட்டு, காற்றுக்குக் கைமறைத்து மெழுகுவத்தி ஏற்றினார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த சபை மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மூஞ்சி ஒண்ணும் தெரியல? டைல்காரன் கெடுத்துட்டானா?"

"இல்லீங்கம்மா. படம் பிடிக்கும்போது அசைஞ்சுட்டார்."

"அசையாதன்னு சொல்லியிருப்பாங்களே அப்ப?"

"சொல்லியிருப்பாங்க."

மூதாட்டி தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். பொன்மலர் கல்லின் அருகே மண்டியிட்டார். பழக்கத்தில் அவர் விரல், முகம் இழுபட்டிருந்த நீளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தது. கலங்கலின் நீளம் தெரிகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, தந்தை எவ்வளவு விரைவாகத் தலையைத் திருப்பினார் என்ற கணக்கைப் போட வழியில்லை.

"ஜெபம் பண்ணலாமா?" என்றார் ஞானசீலன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் பொன்மலர். விரலை இன்னும் எடுக்கவில்லை.